ஒரே யோசனை, மூன்று முயற்சி: ரொந்தா பிரபு டி. ஏ. தாமஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1910-ல் தெற்கு வேல்ஸின் ரொந்தா பள்ளத்தாக்கில் ஒரு கூலித் தகராறு. கரி வெட்ட டன்னுக்கு 1 ஷில்லிங் 9 பென்னி தருகிறோம் என்றது நிர்வாகம். 2 ஷில்லிங் 6 பென்னி வேண்டும் என்றார்கள் தொழிலாளர்கள். ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக இடைவெளி 9 பென்னி. அன்றைய செலாவணி விகிதப்படி ஒரு பென்னியும் இந்தியாவின் ஒரு அணாவும் ஒன்று. டன்னுக்கு ஒன்பது அணா என்ற இந்த வித்தியாசத்துக்காகச் சுமார் 12,000 பேர் ஏறத்தாழ பத்து மாதம் வேலைக்குப் போகவில்லை. ஒரு தொழிலாளி இறந்தார், ஊர்க் கடைத்தெரு நொறுங்கியது, ராணுவம் வந்து இறங்கியது.

அந்தச் சுரங்கங்களின் தலைவர் டேவிட் ஆல்ஃபிரட் தாமஸ். ஊரில் எல்லோருக்கும் டி. ஏ. தாமஸ். வெறும் லாபக்கணக்கு முதலாளி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. கேம்ப்ரிட்ஜில் கணிதம் படித்தவர். லிபரல் கட்சி எம்.பி. கரி முதலாளிகள் போட்டி போட்டு விலையை அடித்துக்கொள்வதால்தான் கூலி வீழ்கிறது என்று 14 வருடம் முன்பே எழுதிவைத்தவர். அப்புறம் 1917-ல் பிரிட்டன் முழுவதற்கும் உணவுக் கட்டுப்பாட்டு அமைச்சராகி, ரொட்டி விலையைக் குறைத்து, ரேஷன் கார்டு கொண்டுவந்தவரும் இவரேதான்.

இந்த மூன்றையும் தனித்தனிக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். தொழிலாளர் வரலாறு எழுதுபவர்களுக்கு அவர், கலவரம் நடந்த ரொந்தா ஊரான டோனிபாண்டியின் வில்லன். போர்க்கால வரலாறு எழுதுபவர்களுக்கு நல்ல நிர்வாகி. எனக்கு எல்லாமே ஒரே ஆளின் ஒரே யோசனையாகத்தான் படுகிறது. விலையைச் சந்தையின் போக்கில் விடக்கூடாது, யாராவது அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்த யோசனை. பிடிப்பது யார் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் மாறியது.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளை

தாமஸ் பிறந்தது 1856 மார்ச் 26, அபர்டேர் அருகே அஸ்கிபோர்வென் என்ற வீட்டில். அப்பா சாமுவேல் தாமஸ் மெர்தர் டிட்வில் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கரியில் பணம் போட்டு மேலே வந்தவர். அம்மா ரேச்சல் பெற்ற பதினேழு பிள்ளைகளில் டேவிட் பதினைந்தாவது. அவர்களில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள்.

சாமுவேல் 1870-களில் கூட்டாளிகளுடன் சேர்ந்து ரொந்தாவின் க்ளைடாக் வேலில் ஆழமான குழிகள் இறக்கினார். அதுதான் பிற்பாடு கேம்ப்ரியன் சுரங்கம். ஆழக்குழி என்பது வருடக்கணக்கில் பணத்தை விழுங்கும் வேலை. கரி கிடைக்கும்வரை வட்டி கட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும். இந்தப் பதற்றத்தைப் பார்த்து வளர்ந்த பையன் 1880-ல் பட்டம் வாங்கியபோது அப்பா உயிரோடு இல்லை. முந்தைய வருடமே இறந்திருந்தார்.

1882-ல் சிபில் ஹேக் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த வருடம் மார்கரெட் பிறந்தாள், ஒரே குழந்தை. குடும்பம் நியூபோர்ட் அருகே லான்வெர்னில் குடியேறியது. பின்னாளில் அம்மா, மகள் இருவருமே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். 1913-ல் மார்கரெட் நியூபோர்ட்டில் ஒரு தபால் பெட்டிக்குத் தீ வைத்து, அஸ்க் ஊர்ச் சிறைக்குப் போய், உண்ணாவிரதம் இருந்து வெளியே வந்தார். அடுத்த வருடம் நாடாளுமன்றத்துக்கு வெளியே நடந்த போராட்டத்தில் சிபிலும் கைதானார். தாமஸ் இதையெல்லாம் தடுக்கவில்லை. இந்த மகளை அவர் எப்படி நடத்தினார் என்பது கதையின் கடைசியில் வரும்.

முதல் முயற்சி: முதலாளிகளே கூடிப் பேசுவது

தெற்கு வேல்ஸ் கரிக்கு அந்தக் காலத்தில் உலகம் முழுக்கக் கிராக்கி. புகை குறைவு, சூடு அதிகம். பிரிட்டிஷ் கடற்படை இதைத்தான் விரும்பியது. கார்டிஃப், பாரி துறைமுகங்களில் ஏற்றிய கரி ஏடன், கொழும்பு என்று கப்பல்கள் கரி நிரப்பும் துறைகளுக்கெல்லாம் போனது. இவ்வளவு கிராக்கி இருந்தும் முதலாளிகளுக்கு லாபம் நிலையில்லை, தொழிலாளிக்குக் கூலி நிலையில்லை. ஏன்?

1875 முதல் இங்கே கூலி நிர்ணயித்த முறையில் பதில் இருக்கிறது. ஓர் அடிப்படைக் கூலி வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் கரி விற்கும் சராசரி விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேபன் என்று எல்லோரும் அழைத்த தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் ஆப்ரஹாமே இதை ஆதரித்தார். ஓட்டை எங்கே என்றால், ஒரு முதலாளி ஒப்பந்தம் பிடிப்பதற்காக விலையைக் குறைத்து விற்றால், அவருக்கு வரும் நஷ்டத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளி ஏற்றுக்கொள்வார். விலை விழுந்ததும் கூலியும் தானாக விழுந்துவிடும் அல்லவா? அதனால் பக்கத்துச் சுரங்கத்தைவிட இரண்டு பென்னி குறைத்து விற்க யாருக்கும் பயமில்லை. எல்லோரும் அதையே செய்தார்கள்.

தாமஸ் இதைப் புள்ளிவிவரத்தோடு பிடித்தார். 1896-ல் கரி வியாபாரத்தின் நிலை பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டு, தெற்கு வேல்ஸ் முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து உற்பத்தியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மொத்த உற்பத்தியில் இத்தனை பங்கு என்று பிரித்துக்கொண்டால் விலை தாழாது. விலை தாழாவிட்டால் லாபமும் கூலியும் தாழாது.

கணக்கு சரி. ஆனால் யாரும் கையெழுத்துப் போடவில்லை. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் எல்லோரும் சேர்ந்தால்தான் எல்லோருக்கும் நன்மை. ஒருவர் மட்டும் வெளியே நின்றுகொண்டால் அவருக்கு இரட்டை நன்மை, மற்றவர்கள் ஏற்றிவைத்த விலையில் அவர் இஷ்டத்துக்கு வெட்டி விற்கலாம். புதுக்குழி இறக்கி வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் தன் உற்பத்திக்கு வரம்பு வைக்கச் சம்மதிப்பாரா? பழைய சுரங்கத்துக்காரர் தன் பங்கை விட்டுக்கொடுப்பாரா? முதலாளிகளின் பகுத்தறிவை தாமஸ் அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1898-ல் நீண்ட கதவடைப்பு வந்தது. தொழிலாளர்கள் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்துதான் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு பிறந்தது. சில வருடங்களில் அந்தப் பழைய கூலி முறையும் போய்விட்டது. தாமஸ் புள்ளிவிவரத்தை விடவில்லை. 1903-ல் ராயல் புள்ளியியல் கழகத்தில் பிரிட்டனின் கரி ஏற்றுமதி பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். கழகம் பதக்கமும் கொடுத்தது.

அரசியலில் ஒரு தனி ஆள்

அரசியல் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1888-ல் மெர்தர் தொகுதியின் லிபரல் எம்.பி. ஆனார். அது இரண்டு உறுப்பினர் தொகுதி, வாக்காளர் ஒருவருக்கு இரண்டு ஓட்டு. தொடர்ந்து 22 வருடம் ஜெயித்தார். 1894-ல் வேல்ஸில் ஆங்கிலத் திருச்சபையின் அரசு அந்தஸ்தை நீக்கும் விஷயத்தில் அரசு இழுத்தடிக்கிறது என்று நான்கு வேல்ஸ் எம்.பி.க்கள் கட்சிக் கட்டளையை உதறினார்கள். அதில் தாமஸும் ஒருவர், லாயிட் ஜார்ஜும் ஒருவர்.

அந்த நட்பு இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. வேல்ஸ் முழுவதற்கும் ஒரே லிபரல் அமைப்பு, அதன் வழியாகத் தன்னாட்சி என்று லாயிட் ஜார்ஜ் கிளம்பினார். கரியும் துறைமுகமும் உள்ள தெற்கு, விவசாய வடக்கின் கையில் போய்விடக் கூடாது என்று நினைத்தார் தாமஸ். 1896 ஜனவரியில் நியூபோர்ட்டில் கூடிய தெற்கு வேல்ஸ் லிபரல் கூட்டமைப்புக் கூட்டத்தில் லாயிட் ஜார்ஜைப் பேசவிடாமல் கத்தி உட்கார வைத்தார்கள். அவருடைய இயக்கம் அத்தோடு படுத்தது. இந்தப் பகை இருபது வருடம் இருந்தது.

1900 தேர்தல் இன்னும் சுவாரசியம். மெர்தரில் தாமஸுக்கு 8,598 ஓட்டு, இரண்டாவது இடம் 5,745 ஓட்டோடு கெய்ர் ஹார்டிக்கு, பிரிட்டனின் தொழிலாளர் இயக்கத் தலைவருக்கு. இன்னொரு லிபரலான பிரிச்சர்ட் மார்கன் 4,004 வாங்கித் தோற்றார். தாமஸுக்கும் மார்கனுக்கும் ஆகாது. தாமஸ் ஆதரவாளர்களின் இரண்டாவது ஓட்டு நிறைய ஹார்டிக்குப் போனது. ஒரு கரி முதலாளியின் நிழலில்தான் சோஷலிஸ்ட் ஒருவர் வேல்ஸிலிருந்து நாடாளுமன்றம் போனார்.

1906-ல் லிபரல் கட்சி பெரும் வெற்றி பெற்றது. அமைச்சர் பதவி வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. 1908-ல் பிரதமர் மாறியபோதும் கூப்பிடவில்லை. யாரோடும் ஒட்டாத ஆளைக் கட்சித் தலைமை எதற்குத் தேடப்போகிறது? தாமஸ் திரும்ப வியாபாரத்துக்கு வந்தார், இந்த முறை முழு மூச்சாக.

இரண்டாவது முயற்சி: எல்லாவற்றையும் வாங்கிவிடுவது

மற்ற முதலாளிகள் சம்மதிக்கவில்லை என்றால் அவர்களை விலைக்கு வாங்கிவிடலாம். 1906-க்குப் பிறகு சில வருடங்களில் கேம்ப்ரியன் நிறுவனம் லுயினிபியாவின் கிளமார்கன் நிறுவனம், பெனிகிரெய்க்கின் நேவல் நிறுவனம், கில்பாக் கோக்கின் பிரிட்டானிக் மெர்தர் நிறுவனம் மூன்றையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. கரியை விற்கும் ஏஜென்சிகளையும் கப்பலில் ஏற்றும் நிறுவனங்களையும் சேர்த்துப் பிடித்தார். மக்கள் இதை ‘கேம்ப்ரியன் கம்பைன்’ என்றார்கள். 1896-ல் பல பேர் கூடி எடுத்திருக்க வேண்டிய முடிவை இப்போது ஒரே இயக்குநர் குழு எடுத்தது.

இதில் தாமஸ் யோசிக்காத ஒரு பக்கம் இருந்தது. நான்கு நிறுவனம் நான்காக இருந்தவரை ஒரு சுரங்கத்துத் தகராறு அந்தச் சுரங்கத்தோடு முடிந்துவிடும். இப்போது முதலாளி ஒன்று. ஒரு குழியில் கூலி குறைந்தால் நாளை நம் குழியிலும் குறையும் என்று 12,000 பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. முதலாளிகள் ஒன்றானதால் தொழிலாளர்களும் ஒன்றானார்கள்.

தகராறு தொடங்கிய இடம் பெனிகிரெய்க்கின் ஈலி குழி. அங்கே ஒரு புதுக் கரி அடுக்கைத் திறந்தார்கள். புது அடுக்கு என்றால் அதற்குப் புதுக் கூலிப் பட்டியல் போட வேண்டும். சுமார் 70 பேரை விட்டு வெட்டச் சொல்லிப் பார்த்தார்கள். கரி குறைவாக வந்தது. வேண்டுமென்றே மெதுவாக வெட்டுகிறார்கள், அப்போதுதான் டன் விலை கூடும் என்றது நிர்வாகம். அடுக்கில் கல் ஊடுருவிக் கிடக்கிறது, வேகமாக வெட்ட முடியாது என்றார்கள் வெட்டியவர்கள்.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய கூலி முறையின் இன்னொரு கொடுமையைச் சொல்ல வேண்டும். கரி வெட்டுபவருக்கு மேலே அனுப்பும் கரியின் எடைக்குத்தான் கூலி. கூரையில் விழுந்த கல்லை அள்ளுவது, மரத்தால் முட்டுக் கொடுப்பது, தண்ணீரில் நிற்பது எல்லாம் கரி தராத வேலை. நல்ல இடம் கிடைத்தவன் சம்பாதிப்பான். மோசமான இடம் கிடைத்தவன் நாள் முழுக்க உடம்பை முறித்தும் சோற்றுக்கு வழியில்லாமல் போவான். மேனேஜர் பார்த்து ஏதாவது கூடுதலாகக் கொடுத்தால் உண்டு. அது உரிமை அல்ல, தயவு. எட்டு மணி நேர வேலைச் சட்டம் 1909-ல் இங்கே அமலுக்கு வந்ததும் உற்பத்திச் செலவு கூடியது. நிர்வாகங்கள் முதலில் கைவைத்தது இந்தத் தயவில்தான். ஈலியின் 9 பென்னிக்குப் பின்னால் இருந்த உண்மையான சண்டை இதுதான்.

1910 செப்டம்பர் 1 அன்று நிர்வாகம் அந்த 70 பேரை மட்டுமல்ல, ஈலி குழியில் வேலை பார்த்த சுமார் 950 பேரையும் வெளியே நிறுத்திக் கதவை அடைத்தது. என் பார்வையில் முழுச் சம்பவத்திலும் மன்னிக்க முடியாத முடிவு இது. கூலிப் பேச்சில் சம்பந்தமே இல்லாத எண்ணூற்றுச் சொச்சம் பேரைத் தண்டித்தால் அவர்கள் அந்த 70 பேர் மீது அழுத்தம் கொடுப்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். நடந்தது நேர் எதிர். நவம்பர் 1 முதல் கம்பைனின் எல்லாச் சுரங்கங்களும் நின்றன.

நவம்பர் 7, 8 தேதிகளில் லுயினிபியாவின் மின்நிலையத்துக்கு முன்னால் மோதல் வெடித்தது. அந்த மின்சாரத்தில்தான் சுரங்கத்தின் நீர் இறைக்கும் பம்பும் காற்றோட்ட விசிறியும் ஓடின. மேனேஜர் லியோனார்ட் லெவெலின் அதிகாரிகளை வைத்தே அதை ஓட்டிக்கொண்டிருந்தார். கருங்காலி வேலை என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். போலீஸ் தடியடி. கூட்டம் டோனிபாண்டி கடைத்தெருவுக்குத் திரும்பியது, கண்ணாடிகள் நொறுங்கின. அதிலும் ஒரு கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்துக்கடைக்காரர் வில்லி லெவெலின் வேல்ஸ் ரக்பி அணியில் ஆடியவர்! சாமுவேல் ரீஸ் என்ற தொழிலாளி தலையில் அடிபட்டு இறந்தார்.

உள்துறை அமைச்சர் சர்ச்சில் முதலில் துருப்புகளை வழியில் நிறுத்திவிட்டு லண்டன் போலீஸை அனுப்பினார். பிறகு ராணுவமும் போனது, மாதக்கணக்கில் அங்கேயே தங்கியது. அந்தப் பள்ளத்தாக்கில் அவர் பெயரை இன்றும் நல்லவிதமாகச் சொல்ல மாட்டார்கள். சுரங்கத்துக்குள் சிக்கிய குதிரைகள் எப்படி இருக்கின்றன என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் விசாரித்த கதையும் உண்டு. மனிதர்கள் வீட்டில் பட்டினி கிடந்த நேரம் அது.

சர்ச்சிலை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். தாமஸை அவ்வளவாக இல்லை. கலவரம் நடந்தபோது அவர் மெர்தரை விட்டு கார்டிஃப் தொகுதியின் எம்.பி.யாக இருந்தார். டிசம்பர் தேர்தலில் நிற்கவில்லை. களத்தில் முகம் லெவெலினுடையது, கொள்கை தாமஸினுடையது.

1911 ஆகஸ்டில் தொழிலாளர்கள் தளர்ந்துபோய் டன்னுக்கு 2 ஷில்லிங் 3 பென்னிக்குச் சம்மதித்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு முன்பே தொழிற்சங்கத் தலைவர்கள் பேசி வாங்கியிருந்து, தொழிலாளர்கள் வேண்டாம் என்று தள்ளியதும் இதே தொகைதான். முதலாளி பக்கம் வென்றது போலத் தெரியும். ஆனால் இதிலிருந்துதான் மிதவாதத் தலைமைக்கு எதிரான இளைஞர்கள் கிளம்பினார்கள். 1912-ல் டோனிபாண்டியில் அச்சான ஒரு துண்டுப் பிரசுரம், சுரங்கத்தைத் தொழிலாளர்களே நடத்த வேண்டும் என்றது. அதே வருடம் நாடு தழுவிய கரி வேலைநிறுத்தம் நடந்து, சுரங்கத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி என்பது சட்டமானது. மோசமான இடத்தில் வெட்டுபவனுக்கும் ஒரு அடித்தளம் கிடைத்தது. ஈலி குழியில் கேட்டதும் சாராம்சத்தில் இதைத்தான்.

தாமஸின் சாம்ராஜ்யம் அதற்குப் பிறகும் வளர்ந்தது. 1913-ல் எல்லாவற்றையும் கன்சாலிடேட்டட் கேம்ப்ரியன் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார். வட அமெரிக்காவிலும் முதலீடு செய்தார்.

லுசிடேனியா

அமெரிக்காவிலிருந்து மகளோடும் செயலாளரோடும் திரும்பிய கப்பல் லுசிடேனியா. 1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரைக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை வீழ்த்தியது. 18 நிமிடத்தில் மூழ்கியது. கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள். தாமஸ் படகில் தப்பினார். மார்கரெட் மணிக்கணக்கில் தண்ணீரில் மிதந்து நினைவிழந்த நிலையில் மீட்கப்பட்டார். மூவருமே பிழைத்தார்கள். ‘மாபெரும் தேசிய துயரம்: டி. ஏ. தாமஸ் உயிர் தப்பினார்’ என்று கார்டிஃப் பத்திரிகை ஒன்றின் போஸ்டர் இருந்ததாகச் சொல்வார்கள். அச்சுக்கோத்தவர் ரொந்தாக்காரராக இருந்திருந்தால் வேண்டுமென்றே செய்திருப்பார்!

இரண்டு மாதத்தில் லாயிட் ஜார்ஜ் கூப்பிட்டார். போர்த்தளவாட அமைச்சர் இப்போது அவர்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் வெடிமருந்து, ஆயுத ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். கப்பல் மூழ்கிப் பிழைத்த மனிதர் அதே கடலை மறுபடி கடந்தார். 1916 ஜனவரியில் பிரபு பட்டம். ரொந்தா என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். டிசம்பரில் லாயிட் ஜார்ஜ் பிரதமரானதும் உள்ளாட்சித் துறை அமைச்சரானார், அங்கே சுகாதாரத்துக்குத் தனி அமைச்சகம் வேண்டும் என்று வாதாடினார். அதே மாதம் அரசு தெற்கு வேல்ஸ் சுரங்கங்களைப் போர்க்காலச் சட்டத்தின் கீழ் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முயற்சி: அரசாங்கமே பிடித்துக்கொள்வது

1917 கோடையில் உணவு விலை போருக்கு முன் இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. முதல் உணவுக் கட்டுப்பாட்டாளர் டெவன்போர்ட் பிரபு, பெரிய மளிகைக் கடைத்தொடரின் அதிபர். கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று மக்களிடம் வேண்டிக்கொள்வதே அவருடைய முக்கிய உத்தி. தொழிலாளர் கொந்தளிப்பை ஆராய அரசு வைத்த விசாரணைக் குழுக்கள், உணவு விலைதான் முதல் காரணம் என்றன. தெற்கு வேல்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஜூனில் பதவி தாமஸுக்கு வந்தது. யாரும் விரும்பாத வேலை. இந்த முறை அவர் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை, யாரையும் வாங்கவும் தேவையில்லை. சட்டம் கையில் இருந்தது. செலவு என்ன என்று கணக்கர்களை வைத்துக் கணக்கிடு, நியாயமான லாபம் சேர், அதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது. செப்டம்பரில் சுமார் ஒரு ஷில்லிங்குக்கு விற்ற நாலு பவுண்டு எடை ரொட்டியை 9 பென்னிக்குக் கொண்டுவந்தார். வித்தியாசத்தை அரசுக் கருவூலம் கொடுத்தது. கோதுமையும் சர்க்கரையும் ஏற்கெனவே அரசு ஆணையங்கள் மூலமாகவே வந்ததால் இது பலித்தது.

ஒவ்வொரு ஊரிலும் உணவுக் குழு அமைத்தார். பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது; ஒரு தொழிலாளர் பிரதிநிதியும் ஒரு பெண்ணும் கட்டாயம். மனைவியும் மகளும் சிறைக்குப் போன வீட்டுக்காரர், டோனிபாண்டியைப் பார்த்தவர் போட்ட விதி இது. பழைய பாடம் ஏதோ உள்ளே இறங்கியிருந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தவறும் நடந்தது. மாட்டிறைச்சிக்கு மாதாமாதம் குறைந்துகொண்டே போகும் விலைப்பட்டியல் போட்டார்கள். விவசாயி என்ன செய்வார்? விலை இறங்குவதற்கு முன் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டார். இலையுதிர் காலத்தில் இறைச்சி குவிந்தது. 1918 ஜனவரியில் கசாப்புக் கடைகள் காலி. வெண்ணெய்க்கும் மார்ஜரினுக்கும் தேயிலைக்கும் லண்டனில் பெண்கள் குளிரில் மணிக்கணக்கில் க்யூ நின்றார்கள்.

1896-ல் அளவைக் கட்டுப்படுத்தினால்தான் விலை நிற்கும் என்று எழுதியவர், 1917-ல் விலையை முதலில் கட்டிவிட்டு அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது விசித்திரம்தான். விலையைக் கட்டிவிட்டு அளவைக் கட்டாவிட்டால் சரக்கு முன்னால் வந்தவனுக்குப் போகும், மிச்சம் பதுக்கலுக்குப் போகும். முழு ரேஷன் என்றதும் அமைச்சரவையில் பலர் தயங்கினார்கள். மக்கள் ஏற்க மாட்டார்கள் என்ற பயம். பர்மிங்ஹாமும் கிரேவ்செண்டும் மேலிருந்து உத்தரவு வரும்வரை காத்திராமல் தங்கள் ஊர் அளவில் கார்டு போட்டுக் காட்டின, க்யூ கரைந்தது.

அப்புறம் வேலை வேகமெடுத்தது. வருடப் பிறப்போடு சர்க்கரை ரேஷன், ஆளுக்கு வாரம் அரை பவுண்டு. பிப்ரவரி 25 முதல் லண்டனிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் இறைச்சி, வெண்ணெய், மார்ஜரின். ஏப்ரலில் இறைச்சி ரேஷன் நாடு முழுவதும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பதிவு செய்ய வேண்டும்; பதிவான தலைக்கணக்குப்படிதான் கடைக்குச் சரக்கு. கடைகடையாக அலைய வேண்டியதில்லை. கசாப்புக் கடை இறைச்சிக்கு எடை வரம்பு இல்லை, பண வரம்புதான். வசதியுள்ளவர் நல்ல துண்டாகக் கொஞ்சம் வாங்கலாம், ஏழை மலிவான துண்டாக நிறைய வாங்கலாம். இந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். மேலிருந்து உத்தரவு போடும் ஆளுக்குச் சந்தை எப்படி நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

பெருமை முழுக்க அவருக்கு மட்டும் சேராது. அமைச்சகத்தில் வில்லியம் பெவரிட்ஜ் போன்ற அதிகாரிகள் இருந்தார்கள், துணைக்கு ஆலைத் தொழிலாளியாக இருந்து தலைவரான ஜே. ஆர். கிளைன்ஸ் இருந்தார். போர்க்கால நெருக்கடி இல்லாமல் இந்த அதிகாரமும் கிடைத்திருக்காது. ஆனால் விமர்சனத்தைத் தாங்கிக்கொண்டு, பழியை ஏற்று, அமைச்சரவையைத் தள்ளிக்கொண்டு போக ஒரு முகம் தேவைப்பட்டது. எந்த வியாபாரி எங்கே கணக்கை மறைப்பான் என்று அறிந்த முகமாக அது இருந்தது நல்லதாகிவிட்டது.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1918 வசந்தத்தில் படுத்தார். ராஜினாமா செய்கிறேன் என்றார், ஏற்கவில்லை. ஜூனில், பிரபு பட்டத்தில் ஒரு படி மேலான வைகவுண்ட் பட்டம் வந்தது. ஜூலை 3 அன்று லான்வெர்னில் இறந்தார், வயது 62. அவர் தயாரித்த நாடு தழுவிய ரேஷன் புத்தகம் அதற்கு இரண்டு வாரத்துக்குள் அமலுக்கு வந்தது. கிளைன்ஸ் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

பிறகு

மகன் இல்லாத பிரபுவின் பட்டம் அவரோடு முடிந்துவிடும் என்பதுதான் வழக்கம். தாமஸ் சிறப்பு ஏற்பாடாக மார்கரெட்டுக்குப் போகும்படி செய்திருந்தார். கடைசி வருடங்களில் கம்பெனி வேலைகளில் அவருக்கு வலது கையாக இருந்ததும் மார்கரெட்தான். அப்பாவுக்குப் பிறகு பல இயக்குநர் குழுக்களில் உட்கார்ந்தார், 1926-ல் இயக்குநர்கள் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். பட்டம் இருந்தும் பிரபுக்கள் சபைக்குள் மட்டும் விடவில்லை. பெண் என்பதற்காகப் பொதுப் பொறுப்புகளை மறுக்கக் கூடாது என்ற 1919 சட்டத்தைக் காட்டி வாதாடினார். 1922-ல் சிறப்புரிமைக் குழு முதலில் சரி என்றது, பிர்கன்ஹெட் பிரபு தலையிட்டதும் மறுத்துவிட்டது. மார்கரெட் 1958-ல் இறந்தார். பரம்பரைப் பட்டம் உள்ள பெண்கள் அந்தச் சபையில் உட்கார 1963 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

ரேஷன் அனுபவம் வீணாகவில்லை. அடுத்த போர் வரும் என்று தெரிந்ததும் 1936-ல் தனித் துறை அமைத்து 1917-18 கோப்புகளைத் தூசி தட்டினார்கள். 1940 ஜனவரியில் ரேஷன் தொடங்கியபோது கார்டு, கடைப் பதிவு, பண அளவில் இறைச்சி எல்லாம் தயாராக இருந்தன.

கரி விஷயம்தான் கொஞ்சம் கசப்பு. 1913-ல் தெற்கு வேல்ஸ் வெட்டிய கரி சுமார் 5.7 கோடி டன், அதற்குமுன் எந்த வருடமும் தொடாத உச்சம். போருக்குப் பின் அரசு 1921 மார்ச்சில் சுரங்கங்களை முதலாளிகளிடம் திருப்பிக் கொடுத்தது, உடனே கூலிக் குறைப்பும் கதவடைப்பும் வந்தன. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின, வெளிநாட்டுச் சந்தை சுருங்கியது. 1930-ல் ஒரு சட்டம் வந்தது: ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் உற்பத்திப் பங்கு, குறைந்தபட்ச விற்பனை விலை. 1896-ல் ஒருவரும் கையெழுத்துப் போடாத அதே திட்டம், 34 வருடம் கழித்து, விலையை நிறுத்திப் பார்க்க வாங்குபவர்களே குறைந்துபோன நேரத்தில், அரசாங்க உத்தரவாக வந்து சேர்ந்தது.